ஐந்து நாள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தைப் புதிய தளத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கணினியில் பார் சார்ட் போட்டேன், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை ஒரு பட்டை. ஒவ்வொரு வேலையும் எத்தனை நாள் தாமதம் தாங்கும் என்று மென்பொருள் காட்டிய எண்ணையும் சேர்த்து அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். வயரிங், பூச்சு வேலை, ஏசி மூன்றுக்கும் ஐந்து ஐந்து நாள் என்று இருந்தது. மூன்று பேருமே அந்த ஐந்து நாளைத் தாண்டவில்லை. இருந்தும் 47 நாளில் முடிய வேண்டியது 57 நாள் ஆகிவிட்டது. கடைசியில் இருந்தவர் என்பதால் ஏசிக்காரரின் பில்லில் தாமதத்துக்கென்று ஒரு தொகையைப் பிடித்துவிட்டார்கள். அடுத்து இன்னொரு தளத்தை மாற்ற வேண்டும். இந்த முறை நெட்வொர்க் டயகிராம் போடச் சொல்கிறார் மேலாளர். அது பார் சார்ட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது? மென்பொருள் இருக்கும்போது கையால் வரைய வேண்டுமா? சப்ளையர் சொல்லும் நாள்களையே நம்ப முடியாதபோது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? என் வேலைப் பட்டியல், மென்பொருள் கோப்பு, சப்ளையர் சொன்னவை பற்றிய குறிப்பு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். உங்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மென்பொருள் காட்டிய எண்கள் எல்லாமே சரி. உங்கள் ஆட்கள் சொன்னதும் சரி. வேலை 57 நாள் ஆனதும் கணக்குப்படிதான் ஆகியிருக்கிறது. இருந்தது ஒரே ஐந்து நாள். அதை மூன்று பேருக்குத் தனித்தனியாகக் கொடுத்துவிட்டீர்கள். பார் சார்ட் உங்களிடமிருந்து மறைத்தது அதைத்தான்.

மற்ற வாசகர்களுக்காகப் பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் எந்த அறையில் எது என்ற அமைப்பை முடிவு செய்ய 5 நாள். அது முடிந்ததும் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்குகின்றன: பெரிய பரிசோதனை இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்து அது வந்து சேர 30 நாள், வயரிங் 12 நாள், குழாய் வேலை 8 நாள். வயரிங்கும் குழாயும் இரண்டும் முடிந்தால்தான் பூச்சு, பட்டி, பெயின்ட். அதற்கு 9 நாள். அது முடிந்த பிறகு ஏசி 4 நாள், கணினி கேபிள் 5 நாள். இயந்திரமும் வந்து, ஏசியும் ஓடினால்தான் இயந்திரத்தைப் பொருத்த முடியும். அதற்கு 3 நாள். அப்புறம் ஊழியர் பயிற்சி 4 நாள். பயிற்சி, கேபிள் இரண்டும் முடிந்ததும் சோதனை ஓட்டம் 5 நாள்.

இதை நெட்வொர்க் டயகிராமாக வரைவது கடினமே இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. எந்த வேலை முடிந்தால் எந்த வேலையைத் தொடங்கலாமோ, முதல் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஓர் அம்பு. அவ்வளவுதான் படம். பார் சார்ட்டில் பட்டையின் நீளம் முதலில் கண்ணில் படும். இதில் அம்புதான் முதலில் படும். ‘இந்த வேலை எப்போது?’ என்று பார் சார்ட் சொல்கிறது. ‘இந்த வேலை யாருக்காகக் காத்திருக்கிறது, இதற்காக யார் காத்திருக்கிறார்கள்?’ என்று நெட்வொர்க் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு எழுதும் தேதி வெறும் ஆசைதான்.

படம் வரைந்தபின் கணக்கு இரண்டு நடையில் முடிந்துவிடும். முதல் நடை இடமிருந்து வலம். அமைப்பு 5ஆம் நாள் முடிகிறது. வயரிங் 17இல், குழாய் 13இல் முடியும். பூச்சு வேலைக்கு இரண்டு அம்புகள் வருகின்றன. இரண்டில் தாமதமாக வருவதற்குத்தான் காத்திருக்க வேண்டும். ஆக 17இல் தொடங்கி 26இல் முடியும். ஏசி 30இல், கேபிள் 31இல் முடியும். இயந்திரம் 35இல் வந்து சேரும். பொருத்துவதற்கு ஏசி 30லேயே தயார். ஆனாலும் இயந்திரம் வரும் 35வரை பொறுக்க வேண்டும். பொருத்தி முடிக்க 38, பயிற்சி 42, சோதனை ஓட்டம் 47. உங்கள் 47 இதுதான்.

இரண்டாம் நடை வலமிருந்து இடம். 47ஐத் தள்ளாமல் ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு தாமதமாக முடிக்கலாம் என்று பின்னோக்கி வருவது. பொருத்துதல் 35இல் தொடங்கியே ஆக வேண்டும். அதனால் ஏசி அதிகபட்சம் 35இல் முடியலாம். 30இல் முடிய முடிவதால் ஐந்து நாள் மிச்சம். பூச்சு அதிகபட்சம் 31இல் முடியலாம். 26இல் முடியும், ஐந்து நாள் மிச்சம். வயரிங் அதிகபட்சம் 22. 17இல் முடியும், இங்கும் ஐந்து. இந்த மிச்சத்துக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர். அமைப்பு, இயந்திர ஆர்டர், பொருத்துதல், பயிற்சி, சோதனை ஓட்டம் என்ற வரிசையில் மிச்சம் எங்குமே கிடையாது. அதுதான் கிரிட்டிகல் பாத். தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போகும் பாதைகளிலேயே நீளமானது அதுதான். அதில் ஒரு நாள் நழுவினால் முடிவும் ஒரு நாள் நழுவும்.

சரி, இப்போது உங்கள் மூன்று பேரிடம் வருவோம். வயரிங்காரர் தன் ஐந்து நாளை எடுத்துக்கொண்டு 22இல் முடித்தார். அந்த நொடியே பாதையில் மிச்சம் பூஜ்யம். ஆனால் பூச்சுக்காரர் கையிலிருந்த காகிதத்தில் ‘5’ அப்படியே இருந்தது. அவர் 22இல் தொடங்கி, 9 நாள் வேலையோடு 5 நாளைச் சேர்த்து 36இல் முடித்தார். ஏசிக்காரர் 36இல் தொடங்கினார். 4 நாள் வேலை, அவருக்கும் ‘உரிமையுள்ள’ 5 நாள், ஆக 45. 35இல் தொடங்க வேண்டிய பொருத்துதல் 45இல் தொடங்கியது. அதன்மேல் பொருத்துதல், பயிற்சி, சோதனை ஓட்டம் மூன்றுக்குமான 12 நாளைக் கூட்டுங்கள். 57.

மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். அந்த ஐந்து நாள் வரிசைக்குச் சொந்தம். முதலில் கை வைக்கிறவர் எடுத்துக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கு இல்லை. படத்தில் அது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் மூன்று பெட்டிகளும் அம்புகளால் கோத்திருக்கும். அட்டவணையில் அவை மூன்று தனி வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் தனித்தனியாக ஓர் ஐந்து.

இதோடு ஒப்பிடக் குழாய் வேலையைப் பாருங்கள். அது 13இல் முடியும், அதிகபட்சம் 22இல் முடியலாம். மொத்த மிச்சம் 9 நாள். அந்த ஒன்பதில் முதல் நான்கு நாள் முழுக்கக் குழாய்க்காரருக்கே சொந்தம். எப்படியும் பூச்சு 17வரை வயரிங்குக்காகக் காத்திருக்கிறது, அதனால் அவர் 17வரை எடுத்துக்கொண்டாலும் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அதற்கு ஃப்ரீ ஃப்ளோட் என்று பெயர். மீதி ஐந்து நாள் வரிசையின் பொதுச் சொத்து. ஏசியின் ஐந்து நாளும் கணக்குப்படி ஃப்ரீ ஃப்ளோட்தான். ஆனால் அவர் முறை வரும்போது முன்னால் இருப்பவர்கள் எதையும் தொடாமல் விட்டிருந்தால்தான் அது அவருக்குக் கிடைக்கும். வயரிங்குக்கும் பூச்சுக்கும் ஃப்ரீ ஃப்ளோட் பூஜ்யம். அவர்களிடம் ‘உங்களுக்கு ஐந்து நாள் இருக்கிறது’ என்று சொல்லவே கூடாது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஆட்களுக்குக் கொடுக்கும் தாளில் மொத்த ஃப்ளோட்டை நான் அச்சடிப்பதே இல்லை. தொடங்கும் நாள், முடிக்கும் நாள், அடுத்து யார் காத்திருக்கிறார் என்ற மூன்று மட்டும்தான் அதில் இருக்கும். ஃப்ளோட் திட்டமிடுகிறவர் கையில் இருக்க வேண்டியது. யாருக்காவது உண்மையிலேயே தேவைப்பட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கொடுத்ததும் மீதம் எவ்வளவு என்று அதே நாளில் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். தகவலை மறைப்பது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். முழுப் படத்தையும் சுவரில் ஒட்டிவிடுங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். தனித் தாளில் தனி எண்ணாகக் கொடுப்பதுதான் ஆபத்து.

அடுத்து, மென்பொருளா கையா என்ற கேள்வி. கணக்குப் போட மென்பொருள் போதும். படத்தைக் கண்டுபிடிக்க அது உதவாது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். அவர்களில் யாரும் உங்கள் கணினித் திரைமுன் வந்து உட்கார மாட்டார்கள். அதனால் முதல் படம் சுவரில்தான் பிறக்க வேண்டும் என்பேன்.

செய்முறை எளிது. வேலைக்கு ஒன்றாக ஒட்டுத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர், செய்பவர், நாள் எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள். எல்லோரையும் ஒரு மணி நேரம் சுவருக்கு முன்னால் நிற்க வையுங்கள். கடைசித் தாளை வலது ஓரத்தில் ஒட்டிவிட்டு, பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: ‘இதைத் தொடங்க உங்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?’ முன்னோக்கி ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால் வழக்கமான வரிசையை ஒப்பிப்பார்கள். பின்னோக்கிக் கேட்கும்போதுதான் விட்டுப்போனவை வெளிவரும். உங்கள் பட்டியலையே எடுங்கள். இயந்திரம் பொருத்துகிறவரிடம் இப்படிக் கேட்டிருந்தால், ‘அடியில் தளம் மட்டமாக இருக்க வேண்டும், அதற்கென்று தனி மின் இணைப்பு வேண்டும், தண்ணீர் இணைப்பு வேண்டும், உள்ளே கொண்டுவர வழி வேண்டும்’ என்று நான்கு விஷயம் சொல்லியிருப்பார். உங்கள் பட்டியலில் பொருத்துதலுக்கு வரும் அம்புகள் இரண்டே இரண்டு.

‘உள்ளே கொண்டுவர வழி’ என்றதும் எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டட வேலைக்கு ஷெட்யூல் போட்டேன். பெட்டிகள், அம்புகள், தேதிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. இயந்திரம் குறித்த நாளில் வந்து வாசலில் இறங்கியது. மரப்பெட்டியின் அகலத்தை அளந்தவர் யாரும் இல்லை. அறையின் கதவு நிலை அதைவிட ஒரு சாண் குறைவு. இரண்டு நாள் முன்புதான் கடைசிக் கோட் பெயின்ட் அடித்த சுவர். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, நிலையை ஒட்டிய செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். தரையெல்லாம் புதுப் பெயின்ட் ஒட்டிய பூச்சுத் துண்டுகள். என் படத்தில் ஓர் அம்பு குறைந்திருந்தது, அவ்வளவுதான். இயந்திரத்தின் அளவை வாங்குவது என்று ஒரு பெட்டி, அதிலிருந்து பூச்சு வேலைக்கு ஓர் அம்பு. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை அது. அன்றிலிருந்து எந்தப் பெரிய பொருள் வருவதாக இருந்தாலும், அது வரும் வழி என் படத்தில் ஒரு பெட்டியாக இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேவையில்லாத அம்பு. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டு ‘ஏன்?’ என்று கேளுங்கள். ‘சுவருக்குள் பைப் பதிக்காமல் பூச முடியாது’ என்பது காரணம். ‘எப்போதும் அப்படித்தான் செய்வோம்’ என்பது பழக்கம். பழக்கம் தப்பில்லை, ஆனால் நெருக்கடி வரும்போது அந்த அம்பை எடுத்துவிடலாம் என்பதற்காகவாவது அதை வேறு நிற மையில் போடுங்கள். உங்கள் படத்திலேயே கேபிள் வேலை முழுப் பெயின்டும் முடிந்தபிறகுதான் என்று இருக்கிறது. கேபிள் போகும் பைப்பை வயரிங்கோடு சேர்த்தே பதித்துவிட்டால், பெயின்டுக்குக் காத்திருக்க வேண்டியது கடைசியில் முனைகளைப் பொருத்துவதற்கு மட்டும்தான். அதற்கு 11 நாள் மிச்சம் இருந்ததால் இந்த முறை பாதிப்பில்லை. அடுத்த தளத்தில் எப்படியோ.

முழு வேலையும் முடியாமலே அடுத்ததைத் தொடங்கலாம் என்ற நிலையும் வரும். முதல் அறையில் வயரிங் முடிந்தால் அங்கே பூச்சைத் தொடங்கிவிடலாமே? மென்பொருளில் இதற்கு ‘தொடங்கி நான்கு நாள் கழித்துத் தொடங்கு’ என்ற மாதிரி இணைப்பு வகைகள் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ‘வயரிங் – அறை ஒன்று’, ‘வயரிங் – அறை இரண்டு’ என்று பெட்டியை இரண்டாக உடைத்துவிடுங்கள். படம் கொஞ்சம் நீளும், ஆனால் பார்க்கிற எல்லோருக்கும் புரியும்.

ஆள் செய்யாத வேலைகளை விட்டுவிடாதீர்கள். பூச்சு காய்வது, பெயின்ட் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் விடும் நேரம், ஒப்புதல் கையெழுத்து வருவது, எல்லாமே நாளைத் தின்னும் வேலைகள்தான். யாரும் கூலி வாங்குவதில்லை என்பதால் பட்டியலில் ஏறுவதில்லை.

இப்போது உங்கள் ஷெட்யூலில் நான் பார்த்த இன்னொரு விஷயம். இது கொஞ்சம் கவலையான விஷயம். இயந்திரம் வர 30 நாள் என்பது சப்ளையர் கணக்கில் காலண்டர் நாள். வயரிங் 12, பூச்சு 9, ஏசி 4 என்பது ஆட்கள் சொன்ன வேலை நாள். இரண்டையும் ஒரே கோலால் அளந்திருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்று வையுங்கள். 25 வேலை நாளுக்கு நடுவில் நான்கு விடுமுறைகள் வரும். அது 29 காலண்டர் நாள். ஐந்து நாள் மிச்சம் என்று நீங்கள் நம்பிய பாதையில் தொடக்கத்திலேயே ஒரு நாள்தான் மிச்சம் இருந்திருக்கும். விடுமுறை நாளிலும் வேலை நடந்ததாக நீங்கள் எழுதியிருப்பதால் இந்த முறை தப்பித்தீர்கள். அடுத்த முறை ஒவ்வொரு தாளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வேலை நாள்’ அல்லது ‘காலண்டர் நாள்’ என்று எழுதிவிடுங்கள்.

ஆட்களைப் பற்றியும் அதே போல ஒரு கேள்வி. வயரிங்கும் குழாயும் ஒரே சமயத்தில் நடக்கும் என்று படம் சொல்கிறது. சுவரில் காடி வெட்டுகிறவர்கள் இரண்டு வேலைக்கும் ஒரே ஆட்களாக இருந்தால்? வயரிங் முடிந்து அவர்கள் குழாய்க்குப் போனால், குழாய் 25இல்தான் முடியும். பூச்சு 34, ஏசி 38. பொருத்துதல் 38இல்தான் தொடங்கும். மொத்தம் 50 நாள். ஒருவர்கூடத் தாமதிக்காமல், எல்லோரும் சொன்ன நாளில் முடித்தும், மூன்று நாள் போய்விடும். கிரிட்டிகல் பாத்தே இயந்திரத்தை விட்டுவிட்டு வயரிங், குழாய், பூச்சு, ஏசி வழியாக மாறிவிடும். வேலையின் இயல்பால் வரும் அம்புகளை முதலில் போட்டு முடியுங்கள். பிறகு ஒவ்வொரு தாளிலும் உள்ள ஆள் பெயரைப் பாருங்கள். ஒரே பெயர் ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருந்தால் அங்கே இன்னோர் அம்பு தேவை.

சுவரில் படம் நிலைத்தபிறகு மென்பொருளுக்குப் போங்கள். அங்கே இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தால் பாதித் தொல்லை தீரும். ஒன்று, முதல் வேலையையும் கடைசி வேலையையும் தவிர எல்லாப் பெட்டிக்கும் உள்ளே வரும் அம்பு ஒன்றாவது, வெளியே போகும் அம்பு ஒன்றாவது இருக்க வேண்டும். வெளியே அம்பு இல்லாத வேலைக்கு மென்பொருள் மலைபோல ஃப்ளோட் காட்டும்; அது பொய். இன்னொன்று, தேதியைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். நீங்கள் அனுப்பிய கோப்பில் ஏழு பட்டைகளுக்குத் தொடங்கும் தேதி கையால் போட்டிருக்கிறது. வயரிங் நழுவியபோது மற்ற பட்டைகள் நகராமல் நின்றது அதனால்தான். எச்சரிக்கை வந்திருக்க வேண்டிய 22ஆம் நாள் உங்கள் திரை அமைதியாக இருந்திருக்கிறது.

கையால் வரைவது பழைய காலத்து வேலை என்று உங்கள் மேலாளர் நினைத்தால் இதைச் சொல்லுங்கள். இந்த முறை பிறந்ததே கணினியோடுதான். 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து கிரிட்டிகல் பாத் முறையை உருவாக்கியது யூனிவாக் கணினியில் போடுவதற்காக. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, நாள்கள் நிச்சயமில்லாத வேலைகளுக்கான பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. அந்தப் படங்களில் அம்புதான் வேலை. வட்டம் என்பது ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும் தருணம். தொடர்பைச் சரியாகக் காட்ட, நாளே எடுக்காத ‘டம்மி’ அம்புகளை நடுவில் செருக வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 1961இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபோன்டால், கட்டுமான வேலைக்குக் கணினி இல்லாமலே இதைச் செய்யலாம் என்று காட்டினார். வேலையை வட்டத்திலும் தொடர்பை இணைக்கும் கோட்டிலும் வைத்தார். டம்மி தேவையில்லாமல் போனது. இன்று உங்கள் மென்பொருள் காட்டும் படம் அந்தக் கைவழிப் படத்தின் வாரிசுதான்.

கடைசிக் கேள்வி: நம்ப முடியாத நாள்கள். இது நியாயமான கேள்வி, இதற்குத்தான் பெர்ட் வந்தது. இதற்குமுன் செய்து பார்க்காத வேலைக்கு ஒரே எண்ணைக் கேட்டால் யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. மூன்று எண் கேளுங்கள். எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை? உங்கள் சப்ளையர் 24, 28, 44 என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 180 வகுத்தல் 6, அதாவது 30. நீங்கள் போட்ட 30 சரியான எண்தான். ஆனால் அது சராசரி. சுமாராகப் பாதி வாய்ப்பு அதற்குள் வர, பாதி வாய்ப்பு அதைத் தாண்ட. மோசமான எண்ணுக்கும் நல்ல எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 20; அதை ஆறால் வகுத்தால் 3.3. மூன்று நாலு நாள் இப்படியும் அப்படியும் ஆடுவது இந்த வேலைக்கு இயல்பு என்று இதற்குப் பொருள். மேலதிகாரிக்கு ஒரே தேதியைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு தேதி சொல்லுங்கள்.

சூத்திரத்தைவிட முக்கியமான ஒன்றை இதில் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு அம்புகள் ஒரு பெட்டியில் சேரும் இடத்தைப் பாருங்கள். இயந்திரம் 35க்குள் வர பாதி வாய்ப்பு, ஏசி வேலை அதே நாளுக்குள் முடிய பாதி வாய்ப்பு என்றால், பொருத்துதல் அன்று தொடங்க எவ்வளவு வாய்ப்பு? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் என்றால் கால் பங்குதான். நான்கு பாதைகள் சேர்ந்தால் பதினாறில் ஒன்று. ஒவ்வொருவரும் ‘பாதிக்குப் பாதி’ என்று நியாயமாகச் சொல்லியும் மொத்தம் கைவிட்டுப்போவது இப்படித்தான். அதனால் கிரிட்டிகல் பாத் ஒன்றையே சிவப்பாக்கி முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு ஒரு வாரத்துக்குள் நெருங்கி வரும் பாதைகளையும் மஞ்சளில் குறியுங்கள். அம்புகள் கூடும் பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள். உங்கள் படத்தில் அந்தப் பெட்டி ‘பொருத்துதல்’.

நாளைக் குறைக்கக் காசு கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. அடுத்த தளத்துக்கு இயந்திரத்தை எட்டு நாள் முன்னதாகத் தர சப்ளையர் கூடுதல் தொகை கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய எண்களிலேயே போட்டுப் பாருங்கள். இயந்திரம் 27இல் வந்து நிற்கும், ஏசி 30இல்தான் முடியும். மொத்தம் 47 என்பது 42 ஆகும். எட்டு நாளுக்குப் பணம், ஐந்து நாள்தான் பலன். மூன்று நாள் இயந்திரம் பெட்டிக்குள் காத்திருக்கும். ஐந்து நாள் முன்னதாகத் தந்தால் என்ன விலை என்று கேளுங்கள். அதையும் வாங்கினால் இயந்திரப் பாதையும் ஏசிப் பாதையும் ஒரே நீளமாகிவிடும், இரண்டிலும் மிச்சமிருக்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் விதம் மட்டும் முக்கியம். ‘எத்தனை சதவீதம் முடிந்தது?’ என்று கேட்காதீர்கள். எல்லா வேலையும் தொண்ணூறு சதவீதம் முடிந்திருக்கும். ‘இன்னும் எத்தனை நாள் வேண்டும்?’ என்று கேளுங்கள். அந்த எண்ணை முன்னோக்கி நடையில் போட்டால் புது முடிவுத் தேதி உடனே கிடைக்கும்.

ஏசிக்காரர் விஷயம் மனதை உறுத்துகிறது. அவர் 35ஆம் நாள் முடித்திருக்க வேண்டும். 36ஆம் நாள்தான் அவருக்கு அறையே கிடைத்திருக்கிறது. அவர் நான்கே நாளில் பறந்து பறந்து முடித்திருந்தாலும் 40, அப்போதும் தாமதம்தான். மேற்கொண்டு எடுத்த ஐந்து நாளும் நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தாளில் இருந்த ஐந்து நாள். அவர் பில்லில் பிடித்ததை இந்தக் கணக்கோடு மேலாளரிடம் எடுத்துப்போய் விடுவிக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாள் எப்படிச் சேர்ந்தது என்பதை ஒரு பக்கத்தில் வரைந்து காட்டினால் போதும், பத்து பெட்டிகள்தானே. அப்புறம் அடுத்த தளத்துக்குச் சுவர் முன்னால் ஆட்களைக் கூட்டும்போது அவரை முதலில் கூப்பிடுங்கள். வரிசையின் கடைசியில் நின்றவருக்குத்தான் முன்னால் என்னென்ன விட்டுப்போயிற்று என்று நன்றாகத் தெரிந்திருக்கும்.